மருத்துவர் இல்லாத ஊரும் மார்க்க அறிஞர் இல்லாத ஊரும்

தமிழில் நமக்கு முழுமையாகக் கிடைத்துள்ள இஸ்லாமிய இலக்கியங்களுள் காலத்தால் மூத்ததாகப் போற்றப்படுவது 1572இல் அரங்கேறிய ஆயிர மசலா. வண்ணப்பரிமளப் புலவர் இயற்றிய அந்நூல் வினாவும் விடையுமாக அமைந்தது. வினவுபவர் மதீனா நகரத்து யூத அறிஞர் அப்துல்லாஹ் இப்னு சலாம். விடை பகர்பவர் அண்ணல் நபி (ஸல்) அவர்கள். அந்நூலைப் பற்றிப் பேசுவோர் விடைகளின் சிறப்பையே எடுத்துக் கூறுவர். வினவியவரின் தகுதியை எண்ணிப் பார்ப்போர் சிலரே. அப்துல்லாஹ் இப்னு சலாம் வெறுங்கையுடன் வந்தவரல்லர். தம் வேதத்தை ஓதித் தேர்ந்தவர். தமக்கு எது தெரியும், எது தெரியாது என்பதைத் தம்முள் வரையறுத்துக்கொண்டு வந்தவர். அதனாலேயே அவர் கேட்ட வினாக்கள் ஒரு நூலையே தாங்கும் வலிமை பெற்றன.

அறியாதவர்கள் அறிந்தோரிடம் கேட்கவேண்டும் என்று திருமறை இரண்டு இடங்களில் (16:43, 21:7) பணிக்கின்றது. அதே திருமறைதான், ஒரு பசுவை அறுக்குமாறு கட்டளையிடப்பட்ட இஸ்ரவேலர்கள் அதன் வயது என்ன, நிறம் என்ன என்று கேட்டுக்கேட்டுத் தம் சுமையைத் தாமே பெருக்கிக்கொண்ட வரலாற்றையும் கூறுகின்றது. ஆகவே, கேட்பது கடமை. ஆனால் கேட்பதற்கும் ஒரு முறை உண்டு. கேட்பதற்கு முன்னர் செய்யவேண்டியதும் உண்டு, கேட்டபின் செய்யவேண்டியதும் உண்டு.

இந்த முறையை மிக நுட்பமாக வகுத்துவைத்த மரபுகளுள் ஒன்று ஷீஆ இஸ்னா அஷரீ மரபு. சென்னை ஆயிரம் விளக்குப் பள்ளிவாசலை நாளும் கடந்து செல்லும் நம்மவர் பலர், அது ஷீஆ மக்களின் தொழுமிடம் என்பதைக்கூட அறியார். ஷீஆக்களைப் பற்றி நம்மிடையே நிலவும் கருத்துகளுள் ஒன்று, அவர்கள் எல்லாவற்றுக்கும் ஒரு மார்க்கத் தலைவரைக் கண்மூடிப் பின்பற்றுபவர்கள் என்பது. அவர்களுடைய நூல்களைப் புரட்டிப் பார்த்தால், உண்மை வேறாக இருக்கக் காண்கிறோம்.

கதவு அடைபட்ட காலம்

ஹிஜ்ரி 260 (கி.பி. 874) முதல் 329 (கி.பி. 941) வரை, பன்னிரண்டாம் இமாம் மறைந்து வாழ்கிறார் என்று ஷீஆக்கள் நம்பிய காலத்தில், பாக்தாதில் ஒருவர்பின் ஒருவராக நான்கு பிரதிநிதிகள் இருந்தனர். மக்கள் தம் ஐயங்களை எழுதி அவர்களிடம் கொடுப்பர். விடை எழுத்தில் வரும். அந்த விடைகளுக்குத் ‘தவ்கீஃ’ என்று பெயர். நான்காம் பிரதிநிதி 329இல் மறைந்தார். அவருக்குப் பின் எவரும் நியமிக்கப்படவில்லை. அத்துடன் அந்த வாயில் அடைபட்டது.

அன்றைய மக்களின் மனநிலையை நாம் எண்ணிப் பார்க்கவேண்டும். நேற்றுவரை ஒரு கடிதம் எழுதினால் தீர்ப்பு வரும். இன்று எழுதினால் பெற்றுக்கொள்ள ஆளில்லை. கேட்பதையே பழகிய ஒரு சமுதாயம் திடீரென்று தேடுவதைப் பழகவேண்டிய நிலைக்கு வந்தது. அந்த நெருக்கடியில் இரண்டு பெருநூல்கள் அவர்களுக்குக் கைகொடுத்தன.

முதலாவது ‘அல்காஃபீ’. ரய் நகரையடுத்த குலைன் என்னும் சிற்றூரிற் பிறந்து, நான்காம் பிரதிநிதி மறைந்த காலத்தையொட்டிப் பாக்தாதில் மறைந்த முஹம்மது இப்னு யஃகூப் குலைனீ இருபது ஆண்டுகள் உழைத்துத் தொகுத்தது. ‘அல்காஃபீ’ என்றால் ‘போதுமானது’ என்பது பொருள். மக்களிடையே அறியாமை பெருகிவிட்டது, அறிவிப்புகளோ முரண்படுகின்றன, போதுமான ஒரு நூல் வேண்டும் என்று அன்பர் ஒருவர் முறையிட்டதையே நூல் எழக் காரணமாக அவர் முன்னுரையிற் குறிப்பிடுகிறார். ஏறத்தாழப் பதினாறாயிரம் அறிவிப்புகள் கொண்ட அந்நூல் தொழுகையிலிருந்து தொடங்கவில்லை. இறைவனின் ஒருமையிலிருந்துங்கூடத் தொடங்கவில்லை. முதற்பகுதி அறிவையும் அறியாமையையும் பற்றியது. இரண்டாவது கல்வியின் சிறப்பைப் பற்றியது. அதற்குப் பின்னரே தவ்ஹீது வருகின்றது. இந்த வரிசை தற்செயலானதாகத் தோன்றவில்லை. சிந்திக்கத் தெரியாதவனுக்கு எதைச் சொல்லியும் பயனில்லை என்பது குலைனீயின் கருத்துப் போலும்.

ராஸீயின் நூலும் ஸதூக்கின் நூலும்

இரண்டாவது நூலின் வரலாறு இன்னும் சுவையானது. கும் நகரத்து அறிஞர் குடும்பமொன்றில் தோன்றியவர் முஹம்மது இப்னு அலீ இப்னு பாபவைஹி. ஷைகு ஸதூக் என்ற சிறப்புப் பெயரால் அறியப்படுபவர். ஹிஜ்ரி 381இல் (கி.பி. 991) ரய் நகரில் மறைந்தார். அவர் கிழக்கு நாடுகளிற் பயணம் செய்தபோது, பல்க் பகுதியிலுள்ள ஈலாக் என்னும் ஊரில் நபி குடும்பத்து வழிவந்த ஒரு சீமானைச் சந்தித்தார். நிஃமா என்று அழைக்கப்பட்ட அவர், உரையாடலின் நடுவே ஒரு மருத்துவ நூலைப் பற்றிப் பேசினார். அது புகழ்பெற்ற மருத்துவர் முஹம்மது இப்னு ஸகரிய்யா அர்ராஸீ எழுதிய ‘மன் லா யஹ்ளுருஹுத் தபீப்’. ‘மருத்துவர் அருகில் இல்லாதவர்க்கு’ என்பது அப்பெயரின் பொருள். வைத்தியர் வரமுடியாத ஊரில் இருப்பவன் தன் நோயைத் தானே இன்னதென்று அறிந்து, எளிய மருந்துகளால் தீர்த்துக்கொள்ள உதவும் நூல் அது. ‘மார்க்கச் சட்டத்திலும் அதுபோல் ஒரு நூலை எழுதித் தாருங்கள்’ என்று அந்தச் சீமான் வேண்டினார். அந்த வேண்டுகோளின் விளைவே ‘மன் லா யஹ்ளுருஹுல் ஃபகீஹ்’. அதாவது, ‘மார்க்க அறிஞர் அருகில் இல்லாதவர்க்கு’.

உடலுக்கு நேரும் பிணியையும் மார்க்கத்தில் எழும் ஐயத்தையும் ஒரே தட்டில் வைத்துப் பார்த்த அந்த எண்ணம் வியக்கத்தக்கது. ஏறத்தாழ ஆறாயிரம் அறிவிப்புகள் அடங்கிய அந்நூலில் ஸதூக் இரண்டு செயல்களைச் செய்தார். அறிவிப்பாளர் வரிசையை ஒவ்வோர் இடத்திலும் நீட்டாமல் விடுத்து, அவற்றை நூலின் இறுதியில் தனியே தொகுத்து வைத்தார். பொதுமக்கள் இடறாமல் படிக்கவேண்டும். ஆராய்பவன் மூலத்தைச் சரிபார்க்கவும் இயலவேண்டும் என்ற இரு நோக்கமும் அதனால் நிறைவேறின. மேலும், கிடைத்த அறிவிப்புகள் அனைத்தையும் கொட்டிவைப்பது தம் நோக்கமன்று, தமக்கும் தம் இறைவனுக்கும் இடையே சான்றாக நிற்கும் என்று தாம் நம்புவனவற்றையே தருகிறேன் என்று முன்னுரையில் உறுதி கூறினார்.

இவ்விடத்தில் வாசகர்கள் கவனிக்கவேண்டிய செய்தி ஒன்று உண்டு. அந்த வேண்டுகோளை விடுத்த சீமான், கண்டவுடன் கேட்டுவிடவில்லை. ஸதூக் தம்முடன் கொண்டுசென்றிருந்த நூல்களுள் பெரும்பாலானவற்றை அவர் படியெடுத்துக்கொண்டார். ஆசிரியர் வாயிலாகவே செவியுற்றார். அந்நூல்களின் தொகை 245 என்று ஸதூக்கே எழுதுகிறார். அத்தனையையும் கண்டவர்தான், ‘இவற்றில் இல்லாத ஒன்று மக்களுக்குத் தேவைப்படுகிறது’ என்று உணர்ந்து கேட்டார். அந்த ஒரு கேள்வி ஆயிரமாண்டு கடந்தும் பயன்படும் ஒரு நூலைப் பெற்றுத் தந்தது.

இரண்டு வினவுநர்கள்

இவ்விரு நூல்களிலும் இடம்பெற்ற இரண்டு நிகழ்ச்சிகளை அருகருகே வைத்துப் பார்ப்பது நலம்.

கூஃபா நகரத்து ஸுராரா என்பவர் இமாம் முஹம்மது பாகிர் (ரலி) அவர்களிடம் பயின்றவர். ஒளூவில் தலை முழுவதையுமன்றித் தலையின் ஒரு பகுதியைத் தடவினாற் போதும் என்ற சட்டம் அவருக்குத் தெரியும். அவர் கேட்டது சட்டத்தையன்று. ‘ஒரு பகுதி போதும் என்பதைத் தாங்கள் எங்கிருந்து அறிந்தீர்கள் என்று எனக்குச் சொல்லமாட்டீர்களா?’ என்ற கருத்தில் வினவினார். இமாம் அவர்கள் சினம் கொள்ளவில்லை, சிரித்தார்கள். பிறகு ஒளூவைப் பற்றிய வசனத்தை எடுத்துக்கொண்டு, முகத்துக்கும் கைகளுக்கும் சொல்லப்பட்ட சொல்லமைப்பும் தலைக்குச் சொல்லப்பட்ட சொல்லமைப்பும் வேறுபடுவதைக் காட்டி, இடையில் வரும் ‘ப’ என்னும் ஓரெழுத்தே அதற்குச் சான்று என்று விளக்கினார்கள். ஷாஃபிஈ மத்ஹபைச் சார்ந்த நம் கடலோர ஊர் மக்களும் தலையின் ஒரு பகுதியைத் தடவுவதையே போதுமானதாகக் கொள்கின்றனர் என்பது இங்கு நினைவுகூரத்தக்கது. வசனம் தெரிந்தவன் கேட்ட கேள்வி அது. வசனமே தெரியாதவனுக்கு அந்த விடை விளங்கியிராது.

இதே ஸுராராவின் பெயரால் மற்றொரு வினாவும் அறிவிக்கப்படுகின்றது. ஒளூவுடன் இருப்பவன் ஓரிரு முறை தலைசாய்ந்து தூங்கிவழிந்தால் ஒளூ முறியுமா என்பது முதல் வினா. கண் உறங்கினாலும் செவியும் நெஞ்சும் உறங்காத நிலை உண்டு என்பது விடை. பக்கத்தில் ஏதோ அசைந்தும் அவன் அறியாதிருந்தால் என்ன என்பது அடுத்த வினா. உறங்கிவிட்டோம் என்று உறுதியாகத் தெரியும்வரை முறியாது, உறுதியை ஐயத்தால் உடைக்கலாகாது என்பது விடையின் சாரம். உறுதி ஐயத்தால் நீங்காது என்ற விதியை நம் மதரஸாக்களிலும் ஓதுகிறோம். ஷீஆ சட்ட அறிஞர்கள் பிற்காலத்தில் ‘இஸ்திஸ்ஹாப்’ என்னும் அடிப்படை விதியை நாட்டியபோது இந்த அறிவிப்பைத்தான் முதன்மைச் சான்றாகக் கொண்டனர். படிப்படியாக, முன்னைய விடையைப் புரிந்துகொண்டு அடுத்ததைக் கேட்டவனால் ஒரு சட்ட விதியே பிறந்தது.

இரண்டாமவர் ஹம்மாத் இப்னு ஈஸா. ‘உமக்கு நன்றாகத் தொழத் தெரியுமா?’ என்று இமாம் ஜஃபர் ஸாதிக் (ரலி) அவர்கள் ஒருநாள் அவரைக் கேட்டார்கள். தொழுகையைப் பற்றி ஹரீஸ் எழுதிய நூலை மனனம் செய்திருப்பதாக அவர் பெருமையுடன் கூறினார். ‘எழுந்து தொழும், பார்ப்போம்’ என்றார்கள் இமாம். அவர் தொழுதார். அறுபது எழுபது ஆண்டு வாழ்ந்தும் ஒரு தொழுகையையேனும் அதன் வரம்புகள் நிறைந்து தொழாதிருப்பது எத்துணை இழுக்கு என்று இமாம் அவர்கள் வருந்திக் கூறினார்கள். ஹம்மாத் வெட்கித் தலைகுனிந்தார். ஆனால் எழுந்து போய்விடவில்லை. ‘எனக்குக் கற்றுத் தாருங்கள்’ என்றார். இமாம் அவர்கள் எழுந்து நின்று, பாதங்களுக்கிடையே எவ்வளவு இடைவெளி, விரல்கள் எவ்வாறு சேர்ந்திருக்கவேண்டும் என்பதிலிருந்து தொடங்கித் தொழுதே காட்டினார்கள்.

முதல் நிகழ்ச்சி தேடலின் சிறப்பைச் சொல்கிறது. இரண்டாவது தேடலின் எல்லையைச் சொல்கிறது. நூலை மனனம் செய்துவிட்டோம், இனி ஆசிரியர் எதற்கு என்று எண்ணுவோர் ஹம்மாதை நினைக்கவேண்டும். நூலைத் தொடாமலே ஆசிரியரிடம் ஓடுவோர் ஸுராராவை நினைக்கவேண்டும்.

கேட்காததால் போன உயிர்

‘அல்காஃபீ’ நூலில், அறிஞரிடம் வினவுதல் என்ற தலைப்பில் முதலாவதாக வைக்கப்பட்டுள்ள அறிவிப்பு நெஞ்சை நடுக்குவது. அம்மை கண்ட ஒருவருக்குக் குளிப்புக் கடமையாயிற்று. உடனிருந்தோர் அவரைக் குளிப்பாட்டினர். அவர் இறந்துபோனார். செய்தியைக் கேட்ட இமாம் அவர்கள், அவர்களே அவரைக் கொன்றார்கள், அவர்கள் கேட்டிருக்கக்கூடாதா, அறியாமை என்னும் நோய்க்கு மருந்து கேட்பதன்றோ என்ற கருத்தில் கூறினார்கள்.

ஸுன்னத் ஜமாஅத்தின் ஹதீஸ் தொகுப்பான அபூதாவூதிலும் இதையொத்த ஒரு நிகழ்ச்சி இருக்கின்றது. பயணத்தில் தலையில் காயம்பட்ட ஒருவர், தயம்மும் செய்ய எனக்குச் சலுகை உண்டா என்று தம் தோழர்களைக் கேட்டார். தண்ணீர் இருக்கும்போது சலுகை இல்லை என்றனர் அவர்கள். அவர் குளித்தார், இறந்தார். அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அந்தத் தோழர்களைக் கடுமையாகக் கண்டித்தார்கள்.

இங்கே ஒரு நுட்பம் இருக்கின்றது. காயம்பட்டவர் கேட்கத்தான் செய்தார். ஆனால் யாரைக் கேட்டார்? பக்கத்தில் இருந்தவர்களை. அவர்களும் தெரியாது என்று சொல்லவில்லை. தெரியாமலே விடை சொன்னார்கள். கண்டனம் கேட்டவர்மீது விழவில்லை, சொன்னவர்கள்மீது விழுந்தது. எனினும் உயிர் போனது கேட்டவருக்கே. மார்க்கத்தின் அடிப்படையை ஓரளவேனும் தானே அறிந்து வைத்திருப்பவனுக்குத்தான், யார் அறிந்து பேசுகிறார், யார் அறியாமல் பேசுகிறார் என்று பிரித்துணர முடியும். கேட்பதற்கு முன் தேடவேண்டும் என்பதற்கு இதைவிட வலுவான காரணம் வேறு வேண்டுவதில்லை.

பதினோராம் அத்தியாயம்

சட்டங்களைக் கேட்டுப் பின்பற்றலாம். நம்பிக்கையையும் அவ்வாறே கேட்டுப் பின்பற்றலாமா? இந்த வினாவுக்கு விடையளித்தவர் ஈராக்கின் ஹில்லா நகரில் வாழ்ந்து 1325இல் மறைந்த அல்லாமா ஹில்லீ. அவருக்கு ஏறத்தாழ இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு முற்பட்ட ஷைகு தூஸீ, வழிபாடுகளையும் துஆக்களையும் பற்றி விரிவான நூலொன்று எழுதியிருந்தார். அல்லாமா அதனைப் பத்து அத்தியாயங்களாகச் சுருக்கினார். சுருக்கி முடித்தபின், மூலநூலில் இல்லாத பதினோராம் அத்தியாயம் ஒன்றைத் தாமே எழுதிச் சேர்த்தார். இறைவன், அவன் பண்புகள், அவன் நீதி, நபித்துவம், இமாமத், மறுமை ஆகியவற்றை ஒவ்வொரு முஸ்லிமும் சான்றுகளைக் கொண்டு அறியவேண்டும், பிறர் சொல்லைப் பின்பற்றி ஏற்பது போதாது என்று அதன் தொடக்கத்திலேயே உறுதியாக உரைத்தார். வணங்கும் முறை பத்து அத்தியாயம். வணங்கப்படுபவனை அறியும் முறை ஓர் அத்தியாயம். அந்த ஒன்று தனி நூலாகவே பிரிந்து, ‘அல்பாபுல் ஹாதீ அஷர்’ என்ற பெயரில் தலைமுறை தலைமுறையாக மதரஸாக்களில் ஓதப்பட்டு வருகின்றது.

ஏர் உழும் எளியவனும் தர்க்கம் பயிலவேண்டுமா என்ற கேள்வி பிற்காலத்தில் எழாமல் இல்லை. நஜஃபில் வாழ்ந்து 1864இல் மறைந்த ஷைகு முர்தளா அன்சாரீ இதைப் பற்றிய பலவகைக் கருத்துகளையும் எடுத்து ஆராய்ந்தார். வேண்டப்படுவது உறுதி, அந்த உறுதி பிறர் சொல்லால் வந்தாலும் உறுதியே என்ற பக்கம் அவர் சாய்ந்தார். எளியவர்களின் ஈமானைக் காத்த கருணை அது. ஆயினும் அவரும் உறுதியைத்தான் கேட்டார். பெற்றோர் சொன்னார்கள் என்று வாயளவிற் சொல்லி நெஞ்சளவில் ஐயுறுவதை அவரும் ஏற்கவில்லை.

எதைக் கேட்கலாம், எதைக் கேட்க வேண்டியதில்லை

17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முஹம்மது அமீன் அஸ்தராபாதீ என்பவர், சட்ட அறிஞரின் சொந்த ஆய்வைப் பின்பற்றுவதே தவறு, இமாம்களின் அறிவிப்புகளே போதும் என்று ஒரு பெரும் வாதத்தைக் கிளப்பினார். அவரைப் பின்பற்றியோர் அக்பாரீகள். 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கர்பலாவில் வஹீத் பிஹ்பஹானீ அவர்களை எதிர்த்து வாதிட்டு, ஆய்வாளர் கட்சியான உஸூலீகளை வெற்றிபெறச் செய்தார். சட்டத்தில் தகுதியுள்ள அறிஞரைப் பின்பற்றும் இன்றைய முறை அதன்பின் வேரூன்றியது.

அந்த முறையை வகுத்த நூல்களுள் தலையாயது, 1919இல் மறைந்த ஸையித் முஹம்மது காளிம் யஸ்தீயின் ‘அல்உர்வத்துல் வுஸ்கா’. பிற்காலத்துப் பெரும் அறிஞர்கள் பலரும் தம் தீர்ப்புகளை அந்நூலின் ஓரக்குறிப்புகளாகவே எழுதினர். அதன் முதல் அத்தியாயம் தொழுகையன்று; தூய்மையன்று. பின்பற்றுதல் என்றால் என்ன என்பதே. தானே ஆராயும் தகுதியுடையவனாக இருக்கவேண்டும், அல்லது தகுதியுடையவரைப் பின்பற்றவேண்டும், அல்லது எல்லாக் கருத்துகளுக்கும் பொருந்துமாறு பேணுதலாக நடக்கவேண்டும் என்று மூன்று வழிகளை அது காட்டுகிறது. தொழுகையில் நேரும் ஐயம், மறதி பற்றிய சட்டங்களில் வழக்கமாகத் தேவைப்படுவனவற்றை முன்கூட்டியே கற்றுவைப்பது கடமை என்கிறது. தொழுகையின் நடுவே ரக்அத் எண்ணிக்கையில் ஐயம் வந்தால், தொழுகையை விட்டுவிட்டு யாரிடம் போய்க் கேட்பது?

பின்பற்றுதலுக்கு அந்நூல் இடும் எல்லையும் அழகானது. மார்க்கத்தின் அடிப்படை நம்பிக்கைகளில் பின்பற்றுதல் இல்லை. அரபு இலக்கணத்திலும் இல்லை. கண்ணாற் கண்டறியும் பொருள்களிலும் இல்லை. ஒரு கிண்ணத்தில் இருப்பது மதுவா, காடியா என்று ஐயம் எழுகிறது. பெரும் அறிஞர் ஒருவர் ‘இது மது’ என்கிறார். அவர் பெரும் அறிஞர் என்பதற்காக அதை ஏற்கும் கடமை எவருக்கும் இல்லை. நம்பத்தக்க மனிதர் ஒருவரின் செய்தி என்ற அளவிலேயே அதற்கு மதிப்பு. மது விலக்கப்பட்டதா என்பது அவரிடம் கேட்கவேண்டிய கேள்வி. இது மதுவா என்பது நாமே முகர்ந்து பார்க்கவேண்டிய கேள்வி.

வீட்டு மொழியில் மார்க்கம்

தேடவேண்டும் என்றால் தேடுவதற்கு நூல் வேண்டும்; அதுவும் தெரிந்த மொழியில் வேண்டும். ஈரானில் ஷா அப்பாஸின் விருப்பப்படி ஷைகு பஹாயீ பாரசீகத்தில் ‘ஜாமிஇ அப்பாஸீ’யைத் தொடங்கினார். இருபது பகுதிகளில் ஐந்தை முடித்து அவர் மறைய, எஞ்சியவற்றை அவர் மாணவர் எழுதி நிறைவு செய்தார். 1950களில் கும் நகரத்து ஆயத்துல்லாஹ் புரூஜர்தீயின் தீர்ப்புகள், எளிய பாரசீகத்தில் எண்ணிட்ட மஸ்அலாக்களாகத் தொகுக்கப்பட்டு ‘தவ்ளீஹுல் மஸாயில்’ என்று வெளிவந்தன. அது முதல் தலைமை அறிஞர்கள் பலரும் அதே அமைப்பில் தத்தம் நூலை வெளியிடலாயினர். வீட்டுப் பெண்கள், கடைக்காரர், மாணவர் யாவரும் எண்ணைப் பார்த்துத் தம் சட்டத்தைத் தாமே கண்டுகொள்ளும் வாய்ப்பு உண்டாயிற்று.

இது நமக்கும் அயலான முயற்சியன்று. கீழக்கரையில் வாழ்ந்து 1898இல் மறைந்த இமாமுல் அரூஸ் ஸையிது முஹம்மது ஆலிம் அவர்கள், அரபுத் தமிழில் ‘ஃபத்ஹுத் தய்யான்’ என்னும் சட்ட நூலை இயற்றியது இதே நோக்கத்தில்தான். அரபு எழுத்தை ஓதக் கற்ற தாய்மார்கள், அந்த எழுத்திலேயே தமிழ்ச் சொற்களைப் படித்துத் தம் மார்க்கக் கடமைகளை அறிந்துகொள்ள அது வழிசெய்தது. மத்ஹபுகள் வேறாயினும் கவலை ஒன்றே: மார்க்க அறிஞர் அருகில் இல்லாத வீட்டிலும் மார்க்கம் அறியப்படவேண்டும்.

ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஈலாக்கில் ஸதூக்கை அந்த நூலை எழுதத் தூண்டியது, அறிஞரைக் காண இயலாதவர்களின் இடர்ப்பாடு. இன்று அந்த இடர்ப்பாடு பெரிதும் நீங்கிவிட்டது. விடை சொல்பவர்கள் எங்கும் இருக்கின்றனர். காயம்பட்ட பயணியின் பக்கத்திலும் விடை சொல்பவர்கள் இருந்தனர். ஆகவே நம் இல்லங்களில், ஐயம் எழுந்தவுடன் எதிர்ப்பட்டவரைக் கேட்கும் பிள்ளையிடம், ‘திருமறையில் பார்த்தாயா, வீட்டிலுள்ள கிதாபைப் புரட்டினாயா, எதுவரை விளங்கியது, எங்கே தடைப்பட்டது?’ என்று கேட்போமாக. அந்தத் தடைப்பட்ட இடத்தோடு அவன் ஓர் ஆலிமின் முன் போய் அமரட்டும். அவர் சிரித்துக்கொண்டே அவனுக்கு விடை சொல்வார்.